லாச்சிக்குள் இருந்த கையெழுத்து

போன மாதம் என் மருமகன் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பாவம், அவர் செய்தது பெரிய குற்றமில்லை. வங்கியிலிருந்து ஏதோ ஒரு படிவம் என் ஃபோனுக்கு வந்திருந்தது. வாசித்து, இரகசிய இலக்கத்தை அடித்து, விரலால் கையெழுத்துப் போட வேண்டும். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவருக்கு வேலைக்குப் போகிற அவசரம்.

"அம்மா, ஃபோனைத் தாங்க. அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க, நானே சைன் பண்ணி அனுப்பிவிடுறன்."

"கையை எடுங்க! அது என்ர கையெழுத்து!"

நான் போட்ட சத்தத்தில் குசினிக்குள் மகள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். மருமகன் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். மகள் வந்து எட்டிப் பார்த்து, "அவவின்ர அந்த ஒரு விஷயத்தில மட்டும் கை வைக்காதீங்க எண்டு எத்தனை தரம் சொன்னனான்" என்றாள். அதற்குப் பிறகு இருவரும் என்னை நோயாளி போல நடத்தினார்கள். எனக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அதே வாரம்தான் நான் முன்பு வேலை பார்த்த கந்தோரிலிருந்து நிலூஜா ஃபோன் எடுத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள். இனி யாரும் இன்னொருவருடைய கையெழுத்து டோக்கனைத் தொடக்கூடாது, ஆளுக்கொன்று அவரவர் பேரில் என்று புதிய ஒழுங்கு வந்திருக்கிறதாம். அரச திணைக்களங்களும் பிளொக்செயினில் போடும் கையெழுத்தை ஒவ்வொன்றாக ஏற்கத் தொடங்கிவிட்டன. "அன்ரி, உங்கட கதையை எல்லாரும் ஒவ்வொரு விதமாச் சொல்லுறாங்க. நீங்களே எழுதித் தந்தா என்ன?" என்று கேட்டாள். எழுதுகிறேன். மற்றவர்கள் சொல்லும் கதையில் நான் ஒன்றில் கள்ளி, அல்லது புனிதை. இரண்டும் பொய்.

நான் வேலை பார்த்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில், துறைமுக வாசலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த சிறிய கிளியரிங் கம்பனியில். கப்பலில் வரும் சரக்கை, அதை இறக்குமதி செய்தவர்களுக்காகச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுப்பது எங்கள் தொழில். டைப்பிஸ்டாகப் போனேன், முப்பத்தொரு வருடம் கழித்து ஆவணப் பிரிவுப் பொறுப்பாளராக வெளியே வந்தேன். முதல் பத்து வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டைப் அடித்தேன், ஏச்சு வாங்கினேன், சுங்க அதிகாரிகளோடு தடங்கலில்லாமல் சிங்களம் கதைக்கப் பழகினேன், கல்யாணம் கட்டினேன், ஒரு பிள்ளையைப் பெற்றேன்.

கம்பனி கனகலிங்கம் சேருடையது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வீடு. தினமும் ரயிலில் கோட்டைக்கு வந்து அங்கிருந்து பஸ் பிடித்து எட்டு மணிக்கு முன் கந்தோரில் இருப்பார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய திருநீறு. சத்தம் போட்டு ஏசியதை நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனையை மூடி வைப்பார். அந்தச் சின்ன 'டிக்' சத்தமே எங்களுக்குப் போதும்.

அவர் ஒரு கடதாசியில் கையெழுத்திடுவதைப் பார்க்க வேண்டும். முதலில் கையெழுத்திடும் இடத்தை இடது உள்ளங்கையால் மூடுவார். மூடிக்கொண்டு மேலேயிருந்து ஒரு சொல் விடாமல் வாசிப்பார். எங்கேயாவது வெற்றிடம் இருந்தால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுத்து அடைப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் உள்ளங்கையை எடுப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"அந்த இடம் கண்ணிலை பட்டால் கை துருதுருக்கும் பிள்ளை. மூடி வைச்சால்தான் மிச்சத்தை வாசிக்கலாம்."

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரே ஒரு சலுகைதான் இருந்தது. அது எங்கள் லாச்சி, என் மேசையின் இழுப்பறை.

கொள்கலன் ஒன்று கப்பலால் இறங்கினால் அதன் கதவில் இலக்கத்தோடு ஒரு சீல் இருக்கும். துறைமுக முற்றத்தில் நிற்கும் எங்கள் வாஃப் கிளார்க் அந்த இலக்கத்தைக் கப்பல் கடதாசியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஃபோனில் கந்தோருக்குக் கோல் எடுக்க வேண்டும். அதன் பிறகு, 'சீல் சரியான இலக்கத்தோடு உடையாமல் இருந்ததைக் கண்டோம்' என்று நாங்கள் ஒரு அத்தாட்சி கொடுப்போம். அது கைமாறிய நிமிடத்தோடு கப்பல் கம்பனியின் பொறுப்பு முடிந்தது. அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஒரு ஊசி குறைந்தாலும் எங்கள் தலையில்தான்.

சேர் காலையிலேயே அன்றைய அத்தாட்சிகளை வாசித்துக் கையெழுத்திட்டு என்னிடம் தந்துவிடுவார். பிறகு வங்கி, சுங்கம் என்று நாள் முழுக்க அலைச்சல். நான் அவற்றை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவேன். முற்றத்திலிருந்து 'சரி' என்று கோல் வந்தால் எடுத்து அனுப்புவேன். 'பிழை' என்றால் கிழித்துப் போடுவேன். கொழும்பில் இருந்த அத்தனை கிளியரிங் கந்தோர்களிலும் இப்படித்தான் நடந்தது. இல்லாவிட்டால் ஒரு பெட்டிகூட நேரத்துக்கு வெளியே போகாது. நான் புதிதாய் வந்தபோது இதைப் பார்த்து முழித்தேன். சேர் சொன்னார்:

"லாச்சிக்குள்ளை இருக்கும் மட்டும் அது கையெழுத்தில்லை பிள்ளை. வெளியிலை போனால்தான் கையெழுத்து."

முப்பது வருடத்தில் நான் கிழித்தது ஏழோ எட்டோ இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு கடதாசி போய் பிளொக்செயின் வந்தது. கப்பல் கம்பனி, வங்கி, சுங்கம், எங்களைப் போன்ற முகவர்கள் எல்லோரும் ஒரே வலையில். பெரிய ஹோட்டல் ஒன்றில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். அங்கே கதைத்த இளைஞர் எல்லாம் ஆங்கிலத்தில் சொன்னார். ஒரே பதிவேட்டின் பிரதி எல்லோரிடமும் இருக்கும், ஒருவர் தன்னுடையதில் அழித்தால் மற்றவர்களுடையது காட்டிக்கொடுத்துவிடும் என்றார். எனக்கு எங்கள் தொடர்மாடி ஞாபகம் வந்தது. கீழ்வீட்டில் வாய் தவறிச் சொன்னது பின்னேரம் நாலாம் மாடியில் இருக்கும், பிறகு யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். சிரித்த நேரத்தில் என்ன சொன்னார்களோ, அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

சேரின் பேரில் ஒரு டோக்கன் வந்தது. பெருவிரல் அளவு, கொம்பியூட்டரில் சொருகி ஆறு இலக்கம் அடித்தால் அது சேரின் கையெழுத்து. சேர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார். மூடி வைக்க அதில் கையெழுத்திடும் இடமில்லை, வாசிக்க ஒரு சொல்லும் இல்லை. என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும். இது உம்மட லாச்சிக்குரியது. கொம்பியூட்டரிலை தட்டுறது எல்லாம் உம்மட வேலைதானே."

இன்றைக்கு யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வெற்றிடத்துக்குக் கோடு இழுத்த மனிதர் தன் கையெழுத்தையே தூக்கி என்னிடம் தந்தார். நானும் வாங்கினேன். எங்கள் இருவருக்கும் அது டைப் அடிப்பது போன்ற வேலையாகத்தான் பட்டது. சேர் டைப் அடிக்க மாட்டார், நான்தான் அடிப்பேன். அவ்வளவுதான் கணக்கு.

ஒரு துண்டுக் கடதாசியில் அந்த ஆறு இலக்கத்தையும் தன் கையால் எழுதி, மேலே என் பேரைச் சேர்த்து 'ஸ்டெல்லாவிடம்' என்றும் போட்டார். எழுதிய பிறகு, பழக்க தோஷம், இலக்கத்துக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அடைத்தார். யாரும் ஏழாவது இலக்கம் சேர்த்துவிடக் கூடாதாம். நான் அன்றைக்கும் சிரித்தேன்.

திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்று கையொப்பமிட, மற்றது சமர்ப்பிக்க. எனக்கு அது பழகிய வேலையாகவே தெரிந்தது. காலையில் எல்லாவற்றுக்கும் கையொப்பப் பொத்தானை அழுத்திவைப்பேன், அது லாச்சி. முற்றத்திலிருந்து கோல் வந்த பிறகு சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துவேன். அது வெளியே அனுப்புவது. எட்டு மாதம் இப்படியே ஓடியது. எட்டு மாதமும் ஒரு சீல்கூடப் பிழையாக வராததால் நான் செய்வது பிழை என்று எனக்குத் தெரியவில்லை. கையொப்பப் பொத்தானை அழுத்திய அந்த நொடியிலேயே அது எல்லோருடைய பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. சமர்ப்பிப்பது என்பது சுங்கத்துக்கு ஒரு அறிவித்தல் மட்டுமே. அந்த இயந்திரத்துக்கு லாச்சியே இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. சேருக்கு அன்று காலை கண்ணில் ஆபரேஷன். அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்கான பெட்டி இறங்கியிருந்தது. சிறுநீரக நோயாளிகளின் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினுக்குரிய வடிகட்டிகள். 10.42க்கு அதன் அத்தாட்சிக்குக் கையொப்பமிட்டு வைத்தேன். 11.15க்கு றொபேட் கோல் எடுத்தான்.

றொபேட்தான் எங்கள் வாஃப் கிளார்க். வத்தளை ஆள், பத்தொன்பது வருடம் எங்களோடு. வெயிலில் நின்று நின்று கழுத்து மட்டும் வேறு நிறம்.

"அக்கா, நிப்பாட்டுங்க. குடுத்திராதீங்க. சீல் நம்பர் வேற. பூட்டும் புதுசு மாதிரி இருக்கு. நான் சுங்கத்து ஆக்களைக் கூப்பிடப் போறன்."

"நல்ல காலம், இன்னும் குடுக்கேல்ல" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். திரையை மூடிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன். அரை மணித்தியாலத்தில் கப்பல் கம்பனியிலிருந்து கோல் வந்தது.

"மிஸ், உங்கட சீல் அத்தாட்சி 10.42க்கே எங்களுக்கு வந்திட்டு. தேங்க் யூ. எங்கட பக்கம் ஃபைலைக் குளோஸ் பண்ணுறம்."

திரையைத் திறந்தேன். அழிக்கப் பொத்தான் தேடினேன். இருந்தது ஒன்றுதான்: திருத்தம். அதை அழுத்தினால், முதல் பதிவு அப்படியே இருக்கும், அதற்குக் கீழே புதிய பதிவு வரும், காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றது. காரணப் பெட்டியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. என்ன எழுதுவது? சேர் ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போது நான் அவருடைய கையெழுத்தைப் போட்டேன் என்றா? சீலை ஒருவரும் பார்க்கவில்லை, எட்டு மாதமாக எதையும் பார்க்காமல்தான் போட்டேன் என்றா? கொள்கலனுக்குள் எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றுமே தேவையில்லை என்று என்னை நானே ஏய்த்துக்கொண்டு திரையை மூடினேன்.

பெட்டிக்குள் சரியாக இல்லை. திறந்தபோது நாற்பது அட்டைப்பெட்டி வடிகட்டி குறைவு.

அடுத்த நாளே றொபேட்டின் துறைமுகப் பாஸைப் பறித்துவிட்டார்கள். காரணம் மிக எளிது. 10.42க்குச் சீல் சரி என்று சேரின் கையெழுத்தோடு பதிவு சொல்கிறது. சேருக்கு அந்தத் தகவல் றொபேட்டிடமிருந்துதான் போயிருக்கும். 11.15க்கு அதே றொபேட் சீல் பிழை என்கிறான். இடையில் முப்பத்து மூன்று நிமிடம் பெட்டியருகே நின்றது யார்? பொலிஸில் இரண்டு தரம் வாக்குமூலம் எடுத்தார்கள். பாஸ் இல்லாத வாஃப் கிளார்க் துறைமுக வாசலுக்கு வெளியே நிற்கும் இன்னொரு மனிதன்தான். களவு என்று பேர் வந்தால் கொழும்பில் வேறெந்தக் கம்பனியும் அவனை எடுக்காது.

அவன் தினமும் கந்தோருக்கு வந்தான். வேலையில்லை, ஆனாலும் எட்டு மணிக்கு வந்து வாசலில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருப்பான். மூன்றாம் நாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, நான் ஒரே ஒருக்காத்தானே கோல் எடுத்தனான்?"

"ஓம்."

"11.15க்கு."

"ஓம்."

அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் லாச்சியைப் பார்த்தான், போய் வாங்கில் இருந்துவிட்டான். அவனுக்குத் தெரியும். லாச்சிப் பழக்கம் தெரியாத வாஃப் கிளார்க் யார்? பொலிஸில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சேரின் லைசென்ஸ் போகும், கம்பனி மூடும், பதினாலு பேர் தெருவில் நிற்பார்கள். அதனால் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று வாங்கில் காத்துக்கொண்டிருந்தான். நான் தலையைக் குனிந்து டைப் அடித்தேன். என் வாழ்க்கையில் என்னை நானே வெறுத்த நாட்கள் அவை.

கம்பனி, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலிருந்து ஒரு சட்டத்தரணியைக் கூப்பிட்டது. கெட்டிக்கார மனிதர். விசாரணைக்குப் போகுமுன் எங்களை இருத்தி வைத்துச் சொன்னார்: "இலத்திரனியல் கையொப்பத்துக்குச் சட்டம் இருக்கு, உண்மைதான். ஆனா பிளொக்செயின் எண்ட சொல் அதில எங்கேயும் இல்ல. அந்தக் கையொப்பம் செல்லாது எண்டு நான் வாதாடுவன். செல்லாட்டி 10.42 எண்ட பதிவே இல்ல. எல்லாரும் வீட்ட போகலாம்."

எனக்கு நெஞ்சுக்குள் காற்று வந்தது. நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை! அப்போது வாங்கிலிருந்து றொபேட் கேட்டான்: "அப்ப நான் களவெடுக்கேல்ல எண்டு எப்பிடி சேர் காட்டுறது?"

சட்டத்தரணி தன் கடதாசிக் கோவையை மூடினார். "அது வேற பிரச்சினை" என்றார்.

விசாரணைக்கு முதல் நாள் பின்னேரம் நூறாம் நம்பர் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குப் போனேன். சேர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு யன்னலோரம் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவி தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை. கோல் வருவதற்கு முன் கையொப்பமிட்டது, அது அப்போதே வெளியே போனது, திருத்தாமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் கடற்கரை ரயில் ஒன்று யன்னல் கண்ணாடிகள் அதிரப் போனது. அது போய் முடியும் வரை பொறுத்திருந்தார்.

"நாளைக்கு இதைச் சொல்லப் போறீரோ?"

"சொல்லத்தான் வேணும் சேர். றொபேட் அங்க வாங்கில இருக்கிறான்."

"நாற்பது வருஷம் பிள்ளை. ஒரு கறை இல்லை."

"தெரியும் சேர்."

அவர் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு கையை நீட்டினார். "நான் எழுதித் தந்த அந்தத் துண்டு எங்கை?"

என் கைப்பைக்குள் இருந்தது. டோக்கனை அவர் விரும்பித்தான் என்னிடம் தந்தார் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. அது இல்லாவிட்டால் நான் முதலாளியின் கையெழுத்தைக் களவாகப் போட்டவள். முப்பது வருடம் அவரிடம் எதையும் மறைத்ததில்லை நான்.

"கந்தோரில இருக்கு சேர்" என்றேன்.

நீட்டிய கையை அவர் மெல்ல மடியில் வைத்தார். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கத்தில் அழுதேன். அவரை நம்பாததற்கு வெட்கம். நம்பியிருந்தால் என்ன நடந்திருக்குமோ என்ற பயமும் கூடவே.

விசாரணை சுங்கத்தில் ஒரு சிறிய அறையில். அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. என் வயது இருக்கும். சட்டத்தரணி தன் வாதத்தை அழகாக வைத்தார். அதிகாரி முழுவதும் கேட்டார். பிறகு சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: "சட்டத்தில் பிளொக்செயின் என்ற சொல் இல்லைதான். பேனை என்ற சொல்லும் இல்லை. இலத்திரனியல் என்பதற்காக மட்டும் ஒரு கையொப்பத்தைத் தள்ளிவைக்க எனக்கு அதிகாரமில்லை. நான் மூன்று கேள்விதான் கேட்பேன். இது யாருடைய பேருக்கு உரியது? பிறகு யாராவது மாற்றினார்களா? போட்ட நேரத்தில் அது யார் கையில் இருந்தது? முதல் இரண்டுக்கும் பதிவேடே பதில் சொல்லிவிட்டது. மூன்றாவதுக்கு அதற்கு வாய் இல்லை."

எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். சேர், சட்டத்தரணி, றொபேட், நான்.

"ஹரி. கவுத சயின் களே?"

சரி, யார் கையெழுத்திட்டது? அவ்வளவு சின்னக் கேள்வி. எழும்பினேன். கதிரை பின்னால் இழுபட்ட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

"மம, மிஸ்" என்றேன். நான்தான். அந்த நேரம் சீலை ஒருவரும் பார்க்கவில்லை என்பதையும், றொபேட் 11.15க்கு ஒரே ஒரு கோல்தான் எடுத்தான் என்பதையும் சொன்னேன். லாச்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். சுங்கத்தில் அந்தப் பழக்கம் தெரியாதவர் இல்லை. சட்டத்தரணி என் சேலை முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"இந்த டோக்கன் உங்களிடம் எப்படி வந்தது? எடுத்தீர்களா, தந்தார்களா?"

கைப்பையைத் திறந்து துண்டை எடுத்து மேசையில் வைத்தேன். அதிகாரி அதைப் பார்த்துவிட்டு சேரின் முன்னால் நகர்த்தினார். "இது உங்கள் எழுத்தா?"

சேர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது. துண்டை வெளிச்சத்துக்கு இழுத்தார். அவருடைய இடது உள்ளங்கை, தானாகவே, அதன் கீழ்ப் பாதியை மூடியது. நல்ல கண்ணால் வாசித்தார். என் பேர். ஆறு இலக்கம். அந்தக் கோடு. ஒரு நிமிடம் இருக்கும். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் முடிந்தேன்.

உள்ளங்கையை எடுத்தார்.

"என்ர எழுத்துத்தான். தந்ததும் நான்தான். ஸ்டெல்லாவை மட்டும் பிழை பிடிக்க வேண்டாம். லாச்சிக்குள்ளை இருந்தால் கையெழுத்தில்லை எண்டு அவவுக்குப் படிப்பிச்சது நான்."

முதல் பதிவை யாராலும் அழிக்க முடியாது, ஆனால் அதற்குக் கீழே உண்மையைப் பதியலாம், அதுவும் இந்த முறை சொந்தப் பேரில் என்றார் அதிகாரி. பக்கத்து அறையில் என் அடையாள அட்டையையும் முகத்தையும் படம் பிடித்து என் பேரில் ஒரு டோக்கன் தந்தார்கள். இரகசிய இலக்கத்தை நானே தெரிவு செய்தேன், எங்கேயும் எழுதவில்லை. காரணப் பெட்டியில் தட்டினேன்: '10.42க்கு இந்தச் சீலை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காமல் கையொப்பமிட்டது நான்.' முப்பது வருடம் மற்றவர்களின் கையெழுத்துக்காகக் கடதாசி அடுக்கிக் கொடுத்தவள் நான். வேலையில் என் பேரில் போட்ட முதல் கையெழுத்தும் கடைசிக் கையெழுத்தும் அதுதான்.

படியிறங்கும்போது சேர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். படி சரியாகத் தெரியவில்லை அவருக்கு. பாதி வழியில் நின்றார்.

"நேற்று அந்தத் துண்டைக் கேட்டது கிழிக்கத்தான் பிள்ளை."

"தெரியும் சேர்."

"தராதது நல்லது."

சேரின் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தினார்கள். வேறொரு முகவரின் பேரில் வேலை செய்து கம்பனி எப்படியோ தலை தப்பியது. எனக்கு எழுத்து மூலம் கடும் எச்சரிக்கை. அது என் கோவையில் இன்றும் இருக்கும். எங்கள் பொய் அத்தாட்சி வழியிலிருந்து விலகியதும், கப்பல் கம்பனி மூடிய ஃபைலைத் திரும்பத் திறக்க வேண்டி வந்தது. பெட்டி கொழும்புக்கு வருமுன்பே எங்கேயோ உடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற பக்கம் விசாரணை திரும்பியது. எங்கே, யார் என்பது கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

றொபேட்டுக்கு பாஸ் திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் வேறு கம்பனிக்குப் போய்விட்டான். போகும் நாள் என் மேசைக்கு வந்து கை கொடுத்தான். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும் முன்பே அவன் சொன்னான், கோபமில்லாமல், கணக்குச் சரிபார்ப்பவன் போல:

"ஒம்பது நாள் எடுத்தீங்க, அக்கா."

நிலூஜா, கந்தோரில் இருக்கும் புதுப் பிள்ளைகளுக்கு நீங்கள் அந்தப் பதிவைத் திரையில் காட்டலாம். அது இன்னும் இருக்கிறது, எப்போதும் இருக்கும். மேலே சேரின் பேரில் நான் போட்ட பொய், செவ்வாய்க்கிழமை 10.42. கீழே என் பேரில் நான் சொன்ன உண்மை, அடுத்த வார வியாழக்கிழமை பின்னேரம் 3.20. இரண்டு கையெழுத்தும் செல்லும் என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அவற்றுக்கு நடுவில் ஒன்றும் எழுதியிருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் ஒரு மனிதன் ஒன்பது நாள் வாங்கில் இருந்தான். அதை மூட ஒரு அடிமட்டமும் உதவாது.